வசந்தாமணியின் முதற்படி

முந்நூற்று நாற்பது பக்கங்களில் ஓர் அடித்தல்கூட இல்லை.

திருமூர்த்தி மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தான். கோடு போட்ட முழுத்தாள். நீல மை. எழுத்துகள் ஒரே அளவில், ஒரே சாய்வில் நின்றன. இடுக்கில் செருகிய சொல் இல்லை. ஓரத்தில் குறிப்பு இல்லை. இருபது வருடத்தில் இப்படி ஒரு கையெழுத்துப்படி அவன் மேசைக்கு வந்ததில்லை.

இயந்திரம் அதைப் படித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. சான்றகத்திலிருந்து பதில் வர இரண்டு நாள். பதில் ஒரே வரி. மனிதக் கை உறுதியாகவில்லை.

இயந்திரங்கள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் நாவல் எழுதத் தொடங்கியபின் வாசகர்கள் எந்த மின்னூலையும் நம்பவில்லை. அதனால் சான்றகம் வந்தது. தட்டச்சுப் பிரதி செல்லாது. எழுத்தாளர் தாளில் எழுதித் தர வேண்டும். பதிப்பகம் அதை மின்னூலாக மாற்ற வேண்டும். பேனா அழுந்திய ஆழம், மை காய்ந்த வரிசை, அடித்தது, திருத்தியது எல்லாம் சேர்ந்து போக வேண்டும். சான்றகம் ஒப்புக்கொண்டால்தான் நூல் கடைக்கு வரும். அந்த மாற்றும் வேலைதான் திருமூர்த்தியுடையது.

வாசகர்களுக்கும் இது பழகிவிட்டது. திரையில் ஒரு வரியின்மேல் விரலை அழுத்தினால், அந்த இடத்தில் எழுத்தாளர் அடித்துப்போட்டது மேலே வரும். சிலர் அடித்ததை மட்டுமே படித்தார்கள்.

“மெஷின் எழுதுனதைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காங்களா?” என்று ஷாநவாஸ் கேட்டார். பதிப்பகம் அவருடையது. காந்திபுரத்தில் ஒரு மாடியில் மூன்று அறைகள்.

“இல்லீங்ணா. அந்தம்மா அப்படி இல்ல.”

“நீ பாத்திருக்கியா?”

“போன்ல பேசியிருக்கேன்.”

“போன்ல எல்லாரும் நல்லவங்கதான்யா.”

மறுநாள் காலை திருமூர்த்தி பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினான்.

வசந்தாமணி பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒற்றை அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. கையால் எழுதும் பத்திரம் நடுவில் நின்றுபோய், பொய்ப் பத்திரங்கள் பெருகியபின் மறுபடி வந்தது. இரண்டு காலத்திலும் அவர் எழுதினார். வயது அறுபத்தாறு. திருமணம் செய்துகொள்ளவில்லை.

“மொதல்ல எழுதிப் பாத்த தாள் ஏதாவது இருக்குங்களாம்மா?”

“எழுதிப் பாக்கறதுன்னா?”

“யோசிச்சு, அடிச்சு, திருத்தி...”

“யோசிச்சுட்டுத்தானுங்க எழுதுவேன். எழுதிப்போட்டு யோசிச்சா ஆகுமா?” அவர் மேசையில் இருந்த ஒரு பத்திரத்தை அவன் பக்கம் திருப்பினார். “இதுல ஒரு வார்த்தை அடிச்சா ரெண்டு கட்சிக்காரரும் பக்கத்துல கையெழுத்துப் போடோணும். வேலைக்கு வந்த புதுசுல ஒரு சர்வே நம்பரை அடிச்சு எழுதினேன். வாங்கறவர் எந்திரிச்சுப் போயிட்டார். அடிச்ச பத்திரம் ஆகாதுன்னுட்டார். கிரயமே நின்னு போச்சு. அன்னையோட சரி. வரி முழுசா மனசுல நின்னாத்தான் பேனாவை எடுப்பேன்.”

“நாவலும் அப்படித்தானுங்களா?”

“வேற எப்படித் தெரியுமுங்க எனக்கு?”

திருமூர்த்தி சான்றகத்தின் பதிலைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார்.

“நாந்தான் எழுதினேன்னு நானே வந்து சொன்னாப் பத்தாதுங்களா?”

“பத்தாதுங்க.”

“ஆளு சொல்றதை நம்ப மாட்டாங்க. தாள்ல இருக்கிற அழுக்கை நம்புவாங்களாக்கும்.”

“வேற ஒண்ணும் வேண்டாமுங்க. ஒரு அம்பது பக்கம் மட்டும் மறுக்கா எழுதிக் குடுங்க. அங்கங்க நாலு வரி அடிச்சு. பேருக்கு.”

வசந்தாமணி அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு கட்சிக்காரர் தப்பான தேதி போடச் சொன்னால் பார்க்கும் பார்வை.

“செய்யாத தப்பைச் செஞ்சேன்னு எழுதித் தரச் சொல்றீங்க.”

திருமூர்த்தி அந்தப் பத்திரத்தை அவர் பக்கமே திருப்பி வைத்தான்.

“வேண்டாமுங்க தம்பி. புஸ்தகமா வந்தா நல்லாத்தான் இருக்கும். வராட்டி என்ன பண்றது?”

அவன் எழுந்தபோது அவர் கேட்டார். “நீங்க படிச்சீங்களா?”

“ரெண்டு தடவை படிச்சேங்க.”

“ஏன், ஒருக்காப் படிச்சாப் புரியலீங்களா?”

நாவல் எளிமையானது. ஒரு பெண் பத்திர எழுத்தர். அப்பா இறந்தபின் தோட்டத்தில் அவளுக்கு இருந்த பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவளே எழுதுகிறாள். தன் பெயரைத் தானே எழுதி, தன் பாகம் இனி தன்னுடையது அல்ல என்று தன் கையெழுத்தில் எழுதுகிறாள். அழவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான். திருமூர்த்தி இலக்கியம் படித்தவன். இரண்டு நாவல்களை ஆரம்பித்து, இரண்டையும் முடிக்காமல் விட்டவன். அது எவ்வளவு பெரிய நூல் என்று அவனுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அதை அவரிடம் சொல்லாமல் வந்தது உறைத்தது.

சான்றக விதிகளில் ஒரு வழி இருந்தது. நகல் சுத்தமாக இருந்தால், அதற்கு முன் எழுதிய முதற்படியைப் பதிப்பகம் அனுப்பலாம். முதற்படியில் கை கிறுக்கலாக இருப்பது இயல்பு. எழுத்தின் வடிவத்தை அங்கே அதிகம் பார்ப்பதில்லை.

அவன் பதினைந்து நாள் விடுப்பு எடுத்தான். வசந்தாமணி வாங்கும் அதே தாளை வாங்கினான். எத்தனையோ எழுத்தாளர்களின் கையை இயந்திரத்துக்குப் பழக்கியவனுக்கு ஒரு கையைப் பின்பற்றுவது கடினம் அல்ல. முதல் நாட்களில் அளவாகத்தான் செய்தான். ஒரு சொல்லைத் தப்பாக எழுதி அடித்தான். ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினான். பத்தாம் நாள் வாக்கில் எதற்காக எழுதுகிறோம் என்பது மறந்துபோனது. முழு வரிகளாக எழுதி முழு வரிகளாக அடித்தான். நாவலில் அந்தப் பெண் சொல்லாமல் விட்ட இடங்களிலெல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு அதன்மேல் ஒரு கோடு இழுத்தான்.

பத்திரம் எழுதும் அத்தியாயத்தில் வசந்தாமணி எழுதியது இரண்டு வாக்கியம். ‘அண்ணன் எழுதச் சொன்னார். எழுதினேன்.’ இரண்டுக்கும் நடுவில் திருமூர்த்தி எழுதினான்: ‘கிணற்றை மட்டுமாவது கேட்டிருக்கலாம்.’ சிறிது நேரம் அதைப் பார்த்தான். பிறகு அடித்தான்.

“முதற்படி கெடைச்சுதா?” என்று ஷாநவாஸ் கேட்டார்.

“கெடைச்சுதுங்ணா.”

ஷாநவாஸ் அவன் விரல்களைப் பார்த்தார். “மையைக் கழுவிட்டு வா. டீ குடிக்கலாம்.”

சான்றகம் ஒரே நாளில் ஒப்புக்கொண்டது. மனிதக் கை உறுதி.

வசந்தாமணிக்குத் திரையில் படித்தால் கண்ணில் நீர் வடியும். அவருக்கென்று ஒரே ஒரு பிரதியை அச்சிட்டு, தைத்து அனுப்பினார்கள். அச்சில் அடித்தல் எதுவும் தெரியாது. முதற்படி பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. சான்றகம் எப்படி ஒப்புக்கொண்டது என்று அவர் கேட்டார். மறுபடி பார்த்தார்கள், சரியாகிவிட்டது என்றான் திருமூர்த்தி. அவர் நம்பினார்.

மின்னூலைப் படித்தவர்கள் அந்த இடத்தில் விரலை அழுத்தினார்கள். கிணற்று வரி மேலே வந்தது. ஒரு விமர்சகர், மொத்த நாவலும் அடித்த அந்த ஒற்றை வரியில் இருக்கிறது என்று எழுதினார். ஒரு கல்லூரியின் மாணவிகள் அதை நாடகமாகப் போட்டார்கள். பெண்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம் என்று எழுதினார்கள். கடிதங்கள் பதிப்பகத்துக்குத்தான் வந்தன. எல்லாவற்றையும் திருமூர்த்தி படித்தான். மகிழ்ச்சியாக இருந்தது. வாழ்க்கையில் அவனுக்கு அதுவரை கிடைக்காத மகிழ்ச்சி. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடிதங்களைப் பொள்ளாச்சிக்கு அனுப்பவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வசந்தாமணி நேரில் வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். நூற்றிருபது பக்கம்.

“பாத்துட்டுச் சிரிக்காதீங்க.”

திருமூர்த்தி முதல் தாளைப் பார்த்தான். அடித்தல். அதற்குக் கீழே அடித்தல். ஒரு வரி இரண்டு முறை எழுதப்பட்டு, இரண்டாவது அடிக்கப்பட்டிருந்தது. ஓர் இடத்தில் சொல்லுக்கு இடம் விட்டு, பிறகு வேறு மையில் நிரப்பியிருந்தார்.

“மறதிங்க தம்பி. டாக்டர் அதுக்கு ஒரு பேரு சொன்னார். அதையும் மறந்துட்டேன்.” அவரே சிரித்தார். “பத்திரம் எழுதறதை விட்டுட்டேன். அடுத்தவங்க சொத்து பாருங்க. இது என்னோடதுதானே, எப்படியாவது முடிச்சுப்போடோணும்னு முடிச்சேன். சித்த சீக்கிரமாக் கொண்டாந்துருங்க. இன்னும் ஒரு வருஷம் நல்லாருப்பேங்கறாங்க. கையில வாங்கி, இது நான் எழுதினதுன்னு தெரிஞ்சு படிக்கோணும்.”

“மூணு மாசத்துல வந்துருமுங்க.”

அவன் நம்பித்தான் சொன்னான். இந்த முறை எதையும் சேர்க்க வேண்டாம். இருப்பதை இருந்தபடி அனுப்பினால் போதும். இரண்டு வருடமாக இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. ஒவ்வொரு தாளாக இயந்திரத்தில் வைத்தான்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. மனிதக் கை உறுதி. ஆசிரியர் வேறு.

சான்றகத்துக்கு போன் செய்தான். சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார்.

“ரெண்டும் ஒரே ஆள் இல்ல சார்.”

“ஒரே ஆள்தான் மேடம். வயசாயிடுச்சு. கை மாறியிருக்கும்.”

“கையெழுத்து மாறும் சார், அத நாங்க கணக்குலயே எடுக்கிறதில்ல. எங்க நிறுத்துறாங்க, எத அடிக்கிறாங்க, அடிச்சிட்டு என்ன போடுறாங்க, அதான் ஆளு. முதல் புக்க எழுதினவங்க வார்த்தைக்குத் தடுமாறவே இல்ல. முழு வரியா எழுதி முழு வரியா அடிக்கிறாங்க. அழகா அடிக்கிறாங்க சார், சொல்லப்போனா. இதுல ‘கதவு’ன்னு எழுத நாலு தடவ ட்ரை பண்ணியிருக்காங்க.”

“அவங்களுக்கு மறதி நோய் மேடம்.”

“மறந்தா வார்த்தை போகும் சார். அடிக்கிற விதம் இப்படித் தலைகீழா மாறாது.” ஒரு கணம் நிறுத்தினார். “எது பொய்யின்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டாவது பொய்யின்னா இத வாபஸ் வாங்கிக்கலாம், பிரச்சனை இல்ல. முதல் புக்கோட முதற்படி பொய்யின்னா ரெண்டும் போகும். ஏழு வருஷத்துக்கு அந்தப் பேர்ல எதுவும் வராது. அப்புறம் புதுசாப் பதிவு பண்ணிக்கலாம். மாற்றினவரோட உரிமம் நிரந்தரமாப் போயிடும்.”

“பொய் சொன்னது பதிப்பகம், எழுத்தாளருக்குத் தெரியவே தெரியாதுன்னா?”

“பட்டியல்ல அப்படியெல்லாம் பிரிவு இல்ல சார். இயந்திரத்த வச்சு எழுதினவங்கன்னு ஒரே பட்டியல்தான்.”

ஷாநவாஸ் கேட்டுக்கொண்டு இருந்தார். போனை வைத்தபின் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

“மறுக்கா ஒரு முதற்படி கெடைக்காதா? மொதப் புத்தகத்தோட ஒத்துப்போற மாதிரி?”

“அண்ணா.”

“எனக்கு அப்பவே தெரியும்யா. கண்ணு இல்லையா எனக்கு? அந்தம்மாவுக்கு இருக்கிறது ஒரு வருஷம். புத்தகம் கையில போவட்டும். அப்புறம் நீயும் நானும் நரகத்துக்குப் போவோம்.”

திருமூர்த்தி அன்று மதியம் தாளை எடுத்து உட்கார்ந்தான். வசந்தாமணி நான்கு முறை தேடிய ‘கதவு’ என்ற சொல்லை ஒரே முறையில் எழுதினான். அவருடைய அடித்தல்களை எல்லாம் விட்டுவிட்டுச் சுத்தமாக அரைப் பக்கம் வந்தான். பிறகு தன் வரி ஒன்றை எழுதி அடித்தான். நன்றாக வந்திருந்தது. மிக நன்றாக. அந்த அரைப் பக்கத்தில் வசந்தாமணி இல்லை. அதைப் பார்த்துத்தான் பேனாவை மூடினான்.

பொள்ளாச்சியில் வசந்தாமணி அதே அறையில் இருந்தார். வேலை இல்லாவிட்டாலும் தினமும் வந்து உட்காருவாராம். திருமூர்த்தி நின்றுகொண்டே சொன்னான். முதற்படியிலிருந்து ஆரம்பித்து, பட்டியல் வரைக்கும். எதையும் விடவில்லை. தனக்கு மகிழ்ச்சியாக இருந்ததையும் சொன்னான்.

அவர் கையை நீட்டினார்.

“காட்டுங்க,” என்றார்.

அவன் கைத்திரையில் நூலைத் திறந்து, விரலை எப்படி அழுத்துவது என்று காட்டிவிட்டு அவரிடம் கொடுத்தான். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஒவ்வொரு பக்கமாகப் போனார். பத்திரம் எழுதும் இடத்துக்கு வந்ததும் நின்றார்.

“இந்த வரி நல்லாருக்குதுங்க.”

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆனா நான் கேட்டனுங்க தம்பி.”

“என்னதுங்க?”

“கிணத்தை. பாகம் வேண்டாம், கிணத்தை மட்டும் குடுங்கண்ணான்னு கேட்டேன். அண்ணன் சிரிச்சார். அந்தச் சிரிப்பை எழுத வேண்டாம்னுதான் அதை எழுதல.”

வெளியே யாரோ ஒரு கட்சிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பக்கத்து அறைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார் வசந்தாமணி.

“ரெண்டு வருஷமாப் பாக்கறவங்க எல்லாம் கிணறு கிணறுங்கறாங்க. ஒருத்தி பஸ்ல கையைப் புடிச்சுட்டு, கேட்டிருக்கலாமேக்கான்னு அழுவறா. எனக்கு ஒண்ணும் புரியல. அண்ணனை விட்டா, கிணத்து விஷயம் எனக்கும் அவர் மக பிருந்தாவுக்கும்தான் தெரியும். அவகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். அவதான் வெளிய பேசிட்டான்னு நெனைச்சுட்டேன்.”

“கேட்டீங்களா அவங்ககிட்ட?”

“கேட்டேன். இல்லவே இல்லைன்னா. இனி இந்தப் பக்கம் வராதேன்னுட்டேன். போன வருஷம். வாராவாரம் வந்து பாத்துட்டிருந்தது அவ ஒருத்திதான்.”

திருமூர்த்தி கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நீங்க சொல்றபடி செய்யறனுங்க,” என்றான். “இதை மட்டும் வாபஸ் வாங்கிட்டா மொதல் புஸ்தகம் இருக்கும். இல்லாட்டி...”

“மொதல் புஸ்தகத்துல நான் கேக்காதவளா இருக்கேன். அது வேண்டாமுங்க.”

“ரெண்டும் போயிருமுங்க. பட்டியல்ல உங்க பேர் வரும்.”

“தெரியுதுங்க. இப்பத்தானே சொன்னீங்க. அதுக்குள்ள மறக்கல.”

மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“உங்க அப்பா பேரு?”

“காளிமுத்துங்க.”

“வயசு?”

“நாப்பத்தி நாலு.”

அவர் எழுத ஆரம்பித்தார். நான், காளிமுத்து மகன் திருமூர்த்தி, என்று அவன் சார்பில். ஒரு வரி எழுதும்முன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பார். பிறகு எழுதுவார். முதற்படி என்னால் புனையப்பட்டது. ஆசிரியருக்கு இது தெரியாது. இதை நான் யாருடைய, என்று எழுதியவர் நின்றார். பேனா காற்றில் இருந்தது. பத்தாயிரம் பத்திரங்களில் எழுதிய சொல். அவர் சுவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

திருமூர்த்திக்கு அந்தச் சொல் தெரியும். வாய்வரைக்கும் வந்தது. அவன் சொல்லவில்லை. காத்திருந்தான்.

எதிர்ப்பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு முறை பெயர் கூப்பிட்டார்கள். ஒரு குடும்பம் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

‘தூண்டுதலும் இன்றி’ என்று வசந்தாமணி எழுதினார்.

முடித்ததும் கட்சிக்காரருக்கு வாசிப்பதுபோல ஒருமுறை சத்தமாக வாசித்தார். “சம்மதந்தானுங்களே?” என்று கேட்டார். அவன் கையெழுத்துப் போட்டான்.

“இங்கிருந்து நேராப் பிருந்தா வீட்டுக்குப் போங்க. மகாலிங்கபுரம். நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, மறதியில பேசறேன்னு நெனைச்சுக்குவா.”

“சொல்றனுங்க.”

“இந்தப் புதுசை ஏழு வருஷம் கழிச்சு அனுப்பலாமுங்களா?”

“அனுப்பலாமுங்க. எனக்கு உரிமம் இருக்காது. ஷாநவாஸ் அண்ணன்கிட்ட எழுதி வாங்கி வெச்சுடறேன். அடிச்சது திருத்தினது எல்லாம் இருக்கிற மாதிரியே போகும்.”

“வந்ததும் எனக்கொண்ணு கொண்டாந்து குடுங்க.”

“கண்டிப்பாங்க.”

அவர் தாளை இரண்டாக மடித்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கினான். அவர் உடனே விடவில்லை.

“அப்ப எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. படிச்சுப்போட்டு, இது யார் எழுதினதுன்னு உங்ககிட்டக் கேப்பேன்.”

“சரிங்க.”

“சரியாச் சொல்லோணும்.”